வெளிநாட்டுல கெடக்குற பழைய பிரிட்டிஷ் கரி இன்ஜினை மறுபடி ஊருக்கு கொண்டு வர்றாங்களே, அது ஏன், எப்படி?

கரிப்புகை_கதிர்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாள் முன்னாடி யார்க்‌ஷயர்ல இருக்குற கீத்லி அண்ட் வொர்த் வேலி ரயில்வேக்கு போயிருந்தேன், அங்க ஒரு பெரிய கறுப்பு இன்ஜின், நம்பர் 90733. அழகுன்னு சொல்ல முடியாது, சும்மா இரும்பை அடுக்கி வச்ச மாதிரி தான் இருக்கு, ஆனா பக்கத்துல போய் நின்னா மனசு ஒரு மாதிரி ஆயிடுது. அங்க வேலை செஞ்சுட்டு இருந்த ஒரு பெரியவர்கிட்ட பேச்சு குடுத்தேன், "இது ஸ்வீடன்ல இருந்து வந்தது"ன்னார். நான் பெரிய புத்திசாலி மாதிரி "ஓ ஸ்வீடன்ல செஞ்சதா"ன்னு கேட்டுட்டேன், மனுஷன் சிரிச்சிட்டார், இங்க செஞ்சு அங்க போய் மறுபடி இங்க வந்ததாம்.

அதுல இருந்து ராத்திரி தூக்கமே இல்ல, ஒண்ண தேடினா இன்னொண்ணு வருது. துருக்கில இருந்து, கிரீஸ்ல இருந்து, தென்னாப்பிரிக்கால இருந்து, ஆஸ்திரேலியால இருந்து எல்லாம் கொண்டு வந்திருக்காங்க. எனக்கு புரியாதது இதுதான், பிரிட்டன்லயே நூத்துக்கணக்குல நீராவி இன்ஜின் பாதுகாப்புல இருக்கு, அதுல பாதி ஓடாம ரிப்பேருக்கு காத்துட்டு நிக்குது, இதுல கடல் தாண்டி கெடக்குற துருப்பிடிச்ச ஒண்ண காசு குடுத்து வாங்கி கப்பல்ல ஏத்தி கொண்டு வர்றது எதுக்கு? 2008ல டொர்னேடோன்னு ஒரு இன்ஜினை மொத்தமா புதுசாவே செஞ்சாங்களே, அப்படி செஞ்சுட்டு போலாம்ல? அப்புறம் அமெரிக்கால, கனடால ஏ4ங்கற வகைல ரெண்டு இன்ஜின் இருக்காமே, வேக சாதனை பண்ண மேலார்டோட கூடப்பிறப்பு, அதை மட்டும் ஏன் கொண்டு வர முடியல?

விவரம் தெரிஞ்சவங்க கொஞ்சம் பொறுமையா சொல்லுங்க, நான் இதுல கத்துக்குட்டி.

சிக்னல்மேன்_சிவா

கதிர் தம்பி, நீங்க பாத்த இன்ஜினே உங்க முதல் கேள்விக்கு பதில். அது 1945ல நியூட்டன் லி வில்லோஸ்ல வல்கன் ஃபவுண்டரில செஞ்சது. போர்க்காலத்துல ராணுவத்துக்காக அவசர அவசரமா, எவ்வளவு மலிவா முடியுமோ அவ்வளவு மலிவா போட்ட டிசைன், டபிள்யூடி (வார் டிபார்ட்மென்ட், அதாவது போர்த்துறை) 2-8-0ன்னு சொல்லுவோம், அந்த நம்பர் முன்னாடி, நடுவுல, பின்னாடி எத்தனை சக்கரம்னு காட்டும், மொத்தம் 935 செஞ்சாங்க. அழகு இல்லன்னு சொன்னீங்கல்ல, அதுக்கு செலவு பண்ண அப்ப யாருக்கும் நேரம் இல்ல. போர் முடிஞ்சதும் அதுல 733 இன்ஜின் கடைசியா பிரிட்டிஷ் ரயில்வேஸ் கைக்கு வந்துச்சு, நம்பர் 90000ல ஆரம்பிச்சு 90732ல முடியும். இந்த 733ல இன்னைக்கு எத்தனை இருக்கு தெரியுமா? ஒண்ணு கூட இல்ல. சைபர். அத்தனையும் வெட்டி உருக்கியாச்சு.

தெற்கு வேல்ஸ்ல பாரின்னு ஒரு ஊர்ல டாய் வுட்ஹாமோட பழைய இரும்பு யார்டு இருந்துச்சு, அங்க இருந்து மட்டும் 213 இன்ஜினை ஆர்வலருங்க காப்பாத்தினாங்க, பாதுகாப்பு இயக்கமே அந்த யார்டால தான் வளந்துச்சுன்னு சொல்லலாம். அந்த 213ல கூட ஒரு டபிள்யூடி 2-8-0 கிடையாது. பேர் வச்ச எக்ஸ்பிரஸ் இன்ஜினுக்கு ரசிகருங்க நிறைய, கரி வண்டி இழுத்த அழுக்கு கறுப்பனுக்கு அன்னைக்கு யார் காசு போடுவா.

அதான் கீத்லிக்காரங்க 1973ல ஸ்வீடன் போனாங்க. இந்த இன்ஜின் போர் முடிஞ்சு நெதர்லாந்துல 4464ன்னு ஓடியிருக்கு, 1953ல ஸ்வீடனுக்கு வித்திருக்காங்க, அங்க நம்பர் 1931, ஒருவேளை மறுபடி யுத்தம் வந்தா உதவும்னு கொஞ்ச வருஷத்துல ஓரமா பத்திரப்படுத்தி வச்சிட்டாங்க. அந்த பத்திரம் தான் அதை காப்பாத்துச்சு. ஸ்வீடன் குளிருக்கு ஏத்த மாதிரி கேபினை மூடி, கரியும் தண்ணியும் வைக்கிற பின்வண்டியான டெண்டரை குட்டையாக்கி, ஆளே மாறிப் போய் இருந்துச்சாம். அதெல்லாம் திருப்பி பழைய மாதிரி செஞ்சு 2007ல ஓட விட்டாங்க. வச்ச நம்பரை பாத்தீங்களா, 90733. பிரிட்டிஷ் ரயில்வேஸ் வரிசை 90732ல முடிஞ்சுதுல்ல, அதுக்கு அடுத்த நம்பர். அந்த குறும்பு எனக்கு ரொம்ப பிடிக்கும்.

இதோட பெரியண்ணன் 2-10-0, அதுலயும் ரெண்டு கிரீஸ்ல இருந்து 1984ல வந்துச்சு, ஒண்ணுக்கு டேம் வேரா லின்னுன்னு பேர். ஆக ரூல் இதுதான், உள்ளூர்ல அந்த வகை இல்ல, இல்லன்னா ரொம்ப கம்மி, அப்ப தான் வெளிய போய் தேடுவாங்க. 8எஃப்னு ஒரு சரக்கு இன்ஜின் வகை மட்டும் கொஞ்சம் வேற கதை, ஸ்டானியர்ங்கற இன்ஜினியரோட டிசைன், மொத்தம் 852, அது உள்ளூர்லயும் சிலது தப்பிச்சுது, ஆனா துருக்கிக்கு போர் சமயத்துல குடுத்ததுக்கு ராணுவ சரித்திர மதிப்பு தனி. அங்க அதுக்கு பட்டப்பேர் "சர்ச்சில்". 1980கள் வரைக்கும் அங்க வேலை செஞ்சிருக்கு. அதுல ஒண்ணு 1989ல வந்துச்சு, இன்னொண்ணு 2011ல.

8எஃப்லயே இன்னும் சுவாரசியம் 48773ஆம் நம்பர். இரான், அப்புறம் எகிப்துன்னு சுத்திட்டு 1952ல ராணுவமே அதை திருப்பி கொண்டு வந்துச்சு, அப்புறம் 1957ல பிரிட்டிஷ் ரயில்வேஸ்ல சேந்து 1968 ஆகஸ்ட்ல நீராவியே முடியிற கடைசி நாள் வரைக்கும் ஓடிட்டு தான் ரிடையர் ஆச்சு. இப்ப செவர்ன் வேலி ரயில்வேல இருக்கு. வெளிநாடு போய்ட்டு வந்தும் வேலைக்கு போன ஆள்.

மீட்டர்கேஜ்_மாறன்

சிவா சார் சொன்னது சரி, ஆனா அந்த "ஊருக்கு திரும்புது"ங்கற வார்த்தைல எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு, சொல்லிடுறேன், யாரும் கோச்சுக்காதீங்க.

கிளாஸ்கோ ரிவர்சைட் மியூசியத்துல தென்னாப்பிரிக்காவோட 15எஃப் வகை இன்ஜின் ஒண்ணு நிக்குது, 3007. 1945ல அதே கிளாஸ்கோல பொல்மடில நார்த் பிரிட்டிஷ் கம்பெனி செஞ்சது. வெளிய வந்ததும் நேரா கப்பல் ஏறி போச்சு, அதோட கேஜ், அதாவது தண்டவாள அகலம், 1067 மில்லிமீட்டர், ஸ்காட்லாந்து தண்டவாளத்துல அது ஒரு அடி ஓடினது இல்ல, ஓடவும் முடியாது. அது ஆயுசு பூரா இழுத்தது தென்னாப்பிரிக்கால. கரி போட்டவன், ஓட்டினவன், பட்டறைல அடிச்சு நிமித்தினவன் எல்லாரும் அந்த ஊர்க்காரன். இப்ப சொல்லுங்க எது அதுக்கு ஊர்? பொறந்த வீடா, வாழ்க்கைப்பட்ட வீடா?

மான்செஸ்டர் மியூசியத்துல பாகிஸ்தான் ரயில்வேயோட 3157 இருக்கு, 1911ல வல்கன் ஃபவுண்டரில செஞ்ச 4-4-0, அகல ரயில் பாதைக்கான 1676 மில்லிமீட்டர் கேஜ். யார்க்ல சீனாவோட கேஎஃப்7 இருக்கு, அதுவும் வல்கன் ஃபவுண்டரி, 1935, ராட்சசன். கேஜ் என்னவோ பிரிட்டன் கேஜ் தான், ஆனா உயரமும் அகலமும் பாத்தா எந்த பாலத்துக்கு அடியிலயும் நுழையாது. ஆனா அதை சீனாவே பரிசா குடுத்தாங்க, அதனால அதுல எனக்கு பிரச்சனை இல்ல. செஞ்ச தொழிலாளிங்களோட பேரப்பிள்ளைங்க வந்து பாக்கட்டும்னு வச்சிருக்காங்க, அந்த நியாயம் புரியுது. ஏன்னா அந்த ஊருங்கள்ல ஃபேக்டரியும் போச்சு, சாமானும் மொத்தமா ஏற்றுமதி, தாத்தா என்ன வேலை பாத்தார்னு காட்ட ஒரு போல்ட்டு கூட மிச்சம் இல்ல.

துருக்கி 8எஃப்ல இன்னொரு வேடிக்கை. பிரிட்டிஷ்காரங்க வாங்கினதுல ஒண்ணு பிரிட்டனுக்கே வரல, 2012ல இஸ்ரேல்ல பீர்ஷெபாக்கு போச்சு, அங்க உதுமானியர் கட்டின பழைய ஸ்டேஷன் முன்னாடி நிக்குது. ஏன்னா 8எஃப் பாலஸ்தீன பாதைலயும் ஓடினது. இங்கிலாந்து டிசைன், துருக்கில உழைப்பு, கடைசி காலம் மூணாவது நாட்டுல. அதுவும் ஒரு சரியான வீடு தான்னு நினைக்கிறேன்.

ஏ4 பத்தி கேட்டீங்க. 35 செஞ்சதுல 6 மிச்சம், அதுல ட்வைட் டி ஐசன்ஹோவர் அமெரிக்கால விஸ்கான்சின் கிரீன் பேல, டொமினியன் ஆஃப் கனடா மான்ட்ரியால் பக்கத்துல. ரெண்டும் 1960கள்ல பிரிட்டன் தானா விரும்பி குடுத்த பரிசு. குடுத்ததை திருப்பி கேக்கறது மரியாதையா? அவங்களும் விக்க மாட்டோம்னுட்டாங்க. ஆனா மேலார்ட் 126 மைல் வேகம் போன சாதனையோட 75ஆவது வருஷத்துக்காக கடன் குடுத்தாங்க, 2012 அக்டோபர்ல லிவர்பூல்ல வந்து இறங்குச்சு, 2013ல யார்க்ல ஆறும் வரிசையா நின்னுச்சு, 2014ல திரும்பி போயாச்சு. என்னைக் கேட்டா அதுதான் அழகான வழி. வந்தான், சொந்தக்காரங்களை பாத்தான், வீட்டுக்கு போனான்.

ஃபயர்பாக்ஸ்_பாலு

மாறன் வழக்கம் போல சண்டைக்கு துண்டு போட்டுட்டார் 😀 நான் தத்துவத்துக்குள்ள போகல, கதிர் "எப்படி"ன்னு கேட்டாரே அதுக்கு மட்டும் சொல்றேன். நான் இங்கிலாந்துல பழைய ரயிலை பாதுகாத்து ஓட்டுற ஒரு ஹெரிடேஜ் ரயில்வே பட்டறைல எட்டு வருஷமா வார இறுதில வாலண்டியர், பேர் வேண்டாம். வெளிநாட்டுல இருந்து வந்த இன்ஜின் ஒண்ணுல கை வச்சிருக்கேன், அந்த கையில இன்னும் வடு இருக்கு.

சுண்டைக்கா கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, வெளிய இருந்து பாக்குறவங்களுக்கு இதுவும் அப்படித்தான் தெரியும். இன்ஜின் விலை பழைய இரும்பு விலையை ஒட்டி தான் இருக்கும், கப்பல் கூலி அதை தாண்டிடும். ஆனா ரெண்டையும் கூட்டினாலும் அதுக்கு அப்புறம் வர்ற செலவுக்கு முன்னாடி ஒண்ணுமே இல்ல.

முதல்ல அந்த நாட்டு அரசு விக்கணும். பெரும்பாலும் அரசு ரயில்வே சொத்து, டெண்டர் விடணும், அப்புறம் தொன்மை பொருள் வெளிய போக அனுமதி வேணும், சில நாட்டுல இதுக்கே வருஷக்கணக்கு ஆகும். நடுவுல மந்திரி மாறினா மறுபடி முதல்ல இருந்து. அப்புறம் ஆஸ்பெஸ்டாஸ். பழைய பாய்லரை சுத்தி வெப்பம் வெளிய போகாம இருக்க அதைத்தான் பூசியிருப்பாங்க, பிரிட்டனுக்குள்ள ஆஸ்பெஸ்டாஸ் இருக்குற சாமானை இறக்குமதி பண்ண தடை, அதனால ஏத்துறதுக்கு முன்னாடியே உரிமம் உள்ள ஆளுங்களை வச்சு உரிச்சு எடுக்கணும். அப்புறம் கனெக்டிங் ராடு எல்லாம் கழட்டி, டெண்டரை தனியா பிரிச்சு, கிரேன் வச்சு லோ லோடர்ங்கற தாழ்வான பெரிய லாரில ஏத்தி துறைமுகம், அங்க வண்டிங்க நேரா உள்ள ஏறி இறங்குற ரோ-ரோ கப்பல்ல மாஃபின்னு ஒரு சக்கர மேடை மேல வச்சு சங்கிலி போட்டு கட்டிடுவாங்க. இறங்கினதும் சுங்கத்துல இதை வரலாற்று மதிப்புள்ள சேகரிப்பு பொருள்னு காட்டினா வாட் வரி 5 சதவீதம் தான், சாதா மெஷின்னு பதிஞ்சுட்டா 20. இந்த ஒரு பேப்பர்ல கோட்டை விட்டா ஒரு பாய்லர் டியூப் செட்டு காசு போச்சு. அப்புறம் ரோட்ல கொண்டு போக போலீஸ், பாலத்துக்கு பொறுப்பான ஆளுங்க எல்லாருக்கும் முன்கூட்டி தகவல் குடுக்கணும், எழுபது எண்பது டன்னு கிராமத்து ரோட்ல திரும்புறதை பாக்க ஊரே கூடி நிக்கும், அன்னைக்கு ஒரு நாள் திருவிழா தான், எல்லாரும் போட்டோ எடுப்பாங்க, கை தட்டுவாங்க.

மறுநாள் காலைல ஷெட்ல நாலு பேரு தான் நிப்போம். அப்ப தான் ஆரம்பிக்கும்.

நாங்க முதல்ல முன்பக்கம் புகை சேர்ற ஸ்மோக்பாக்ஸ் கதவை திறந்தோம், உள்ள பறவைக்கூடு, மக்கின சாம்பல், அடிப்பக்க தகடு கையால தட்டினா விரல் உள்ள போகுது. தாமிரம், பித்தளைன்னு கழட்ட முடிஞ்சது எல்லாம் எப்பவோ எவனோ கழட்டிட்டு போயிருந்தான், அழுத்தம் காட்டுற பிரஷர் கேஜ் இல்ல, பாய்லருக்கு தண்ணி ஏத்துற இன்ஜெக்டர் இல்ல, பைப்பு இல்ல. இருக்குற நட்டை கழட்டலாம்னு ஸ்பேனர் போட்டா பாதி நட்டு பொருந்தல. ஏன்னா செஞ்சப்ப எல்லாம் விட்வொர்த்ங்கற பழைய பிரிட்டிஷ் அங்குல அளவு, அந்த நாட்டுக்காரங்க நாப்பது வருஷம் ரிப்பேர் பண்ணினப்ப மெட்ரிக் போட்டிருக்காங்க, சில இடத்துல விட்வொர்த் ஸ்டட்ல மெட்ரிக் நட்டை அடிச்சே ஏத்தியிருக்காங்க. அதை திட்ட எனக்கு மனசு வரல, சாமான் வராத ஊர்ல ஓட வச்சே ஆகணும்னு ஒரு ஆள் பட்ட பாடு அது. பிரேக்கும் அப்படித்தான், ஐரோப்பால பெரும்பாலும் ஏர் பிரேக், இங்க ஹெரிடேஜ் லைன்ல பழைய பெட்டிங்க நிறைய வேக்யூம் பிரேக், அதை மொத்தமா மாத்தணும். இரான், எகிப்து பக்கம் போனதுன்னா எண்ணெய்ல எரியற மாதிரி மாத்தியிருப்பாங்க, அதை திருப்பி கரிக்கு கொண்டு வரணும்.

அப்புறம் பாய்லர். இங்க 2000ஆம் வருஷத்து பிரஷர் சிஸ்டம்ஸ் விதிமுறை ஒண்ணு இருக்கு, எழுத்துல ஒரு பரிசோதனை திட்டம் வேணும், தகுதியான இன்ஸ்பெக்டர் கையெழுத்து போடாம ஒரு தீக்குச்சி கிழிக்க முடியாது. தகட்டோட தடிமனை அல்ட்ராசோனிக்ல அளப்பாங்க. கரி எரியற ஃபயர்பாக்ஸை சுத்தி, அதை வெளித்தகட்டோட பிடிச்சு வைக்கிற ஸ்டேன்னு கம்பிங்க நூத்துக்கணக்குல இருக்கும், ஒவ்வொண்ணா தட்டி சத்தம் கேட்டு பாக்கணும், ஒடைஞ்சது ஒரு மாதிரி செத்த சத்தம் போடும். இவ்வளவும் பண்ணி ஓட்டினா பொதுவா பத்து வருஷத்துல மறுபடி பாய்லரை தூக்கி எல்லாத்தையும் திரும்ப பண்ணணும்.

ஆக எத்தனை வருஷம் ஆகும்னு கேட்டா, பென்டென்னிஸ் காஸிலை பாருங்க. 1924ல கிரேட் வெஸ்டர்ன் செஞ்சது, 1977ல ஆஸ்திரேலியாவோட மேற்குல இரும்புத்தாது ரயில் ஓட்டுற ஹேமர்ஸ்லி கம்பெனி வாங்கிட்டு போச்சு, 2000ல இங்கிலாந்துல டிட்காட் ரயில்வே சென்டருக்கு திரும்பி வந்துச்சு. மறுபடி சர்வீஸ்க்கு வந்தது 2022. இருபத்திரெண்டு வருஷம். வந்தப்ப பொறந்த புள்ள காலேஜ் முடிச்சிடும். அதுவும் தரமான டீம், நல்லா பராமரிச்ச இன்ஜின்.

காசு யார் போடுறாங்கன்னா, பெரும்பாலும் சாதாரண ஆளுங்க. மாசம் அஞ்சு பவுண்டு பத்து பவுண்டுன்னு உறுப்பினர் கட்டணம், இன்ஜின்ல பங்கு, கிஃப்ட் எய்டுன்னு ஒண்ணு இருக்கு, வரி கட்டுறவர் ஒரு பவுண்டு நன்கொடை குடுத்தா அரசு 25 பென்ஸ் சேத்து குடுக்கும். பெரிய திட்டம்னா லாட்டரி ஹெரிடேஜ் ஃபண்டு. ஆனா கூலியே இல்லாம ஞாயித்துக்கிழமை வந்து துரு சுரண்டுற கூட்டம் இல்லன்னா எந்த ஃபண்டும் பத்தாது.

டொர்னேடோ மாதிரி புதுசா செய்யலாமேன்னா, செய்யலாம், செய்யறாங்க. ஆனா அது மொத்தமா அழிஞ்சு போன வகைக்கு. கைல ஃப்ரேமும் சக்கரமும் சிலிண்டரும் இருக்குறப்ப அதை விட்டுட்டு புதுசா வார்க்கறது அதை விட பெரிய செலவு.

மாறனுக்கு ஒரே ஒரு பதில். நாங்க சக்கரத்தை சுத்த வைக்கிற ராடு மாதிரி மோஷன் பாகங்களை சுத்தம் பண்ணினப்ப ஒவ்வொண்ணுலயும் அடிச்சிருக்குற நம்பரை படிச்சோம். நாலு ராடுல மூணு வேற வேற இன்ஜினோடது. பட்டறைல மாத்தி மாத்தி போட்டிருக்காங்க, பிரிட்டன்லயே அது தான் வழக்கம், பாய்லர் எல்லாம் ஒரு இன்ஜின்ல இருந்து இன்னொண்ணுக்கு போய்கிட்டே இருக்கும். அதனால எந்த இன்ஜினை ஊருக்கு கொண்டு வந்தோம்னே எங்களுக்கு தெளிவா சொல்ல முடியல, இதுல எது அதோட ஊர்னு எப்படி சொல்ல.

கரிப்புகை_கதிர்

பாலு அண்ணே, படிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டேன். அந்த ஸ்டே தட்டி சத்தம் கேக்கறது, ஒரு வைத்தியர் நாடி பாக்குற மாதிரி இருக்கு.

மாறன் அண்ணா, நீங்க சொல்றதும் மனசுல நிக்குது. ஆனா ஒரு சந்தேகம், அந்த நாட்டுலயே விட்டா வெட்டி உருக்கிடுவாங்கன்னா அப்ப என்ன பண்றது?

அப்புறம் டார்ஜிலிங் குட்டி இன்ஜின் ஒண்ணு இங்கிலாந்துல இருக்குன்னு எங்கயோ படிச்சேன், நிஜமா? அதை எப்படி வெளிய விட்டாங்க? நம்ம ஊட்டி இன்ஜினும் ஏதாவது அங்க போயிருக்கா?

சின்னலைன்_செல்வி

வந்துட்டேன். பெரிய இன்ஜின்காரங்க எல்லாம் பேசி முடிச்சாச்சா? 🙂

கதிர், ஊட்டி எக்ஸ் கிளாஸ் பிரிட்டிஷே இல்லப்பா, அது சுவிட்சர்லாந்து விண்டர்தூர்ல செஞ்ச டிசைன். டார்ஜிலிங் விஷயம் நிஜம். பி கிளாஸ் நம்பர் 778, முன்னாடி நம்பர் 19, 1889ல ஷார்ப் ஸ்டூவர்ட் செஞ்சது. ஆனா இந்தியாவுல இருந்து நேரா இங்கிலாந்து போகல. 1960கள்ல ஒரு அமெரிக்கர் வாங்கிட்டு போயிட்டார், இண்டியானால ஹெஸ்டன் மியூசியத்துல ரொம்ப வருஷம் இருந்துச்சு, அங்க இருந்து ஏட்ரியன் ஷூட்டர், ரயில்வே நிர்வாகத்துல பெரிய ஆளு, அவர் வாங்கி ஆக்ஸ்ஃபோர்ட்‌ஷயர்ல தன் வீட்டு தோட்டத்துலயே லைன் போட்டு ஓட்டினார். வீட்டை சுத்தி டார்ஜிலிங் ரயில்! பொறாமையா இருந்தா நீங்க தனி ஆள் இல்ல. இந்தியாவுக்கு வெளிய இருக்குற ஒரே டார்ஜிலிங் பி கிளாஸ் அதுதான்.

பாலு சொன்ன செலவு, வருஷம், வலி எல்லாம் நாரோகேஜ்ல, அதாவது குறுகின தண்டவாளத்துல, பாதியா குறைஞ்சிடும், அதனால திரும்பி வந்த கணக்குல எங்க பக்கம் தான் கூட்டம். லாரில ஏத்தினா முடிஞ்சுது. இன்னொரு வித்தியாசம், நாங்க கண்ணாடி பெட்டில வைக்க கொண்டு வரல, வேலைக்கு ஆள் வேணும்னு கொண்டு வந்தோம். வேல்ஸ்ல வெல்ஷ்பூல் அண்ட் லான்ஃபேர்னு ஒரு லைன், 762 மில்லிமீட்டர் கேஜ். பிரிட்டன்ல அந்த கேஜ்ல இன்ஜின் ரொம்ப கம்மி, உலகம் பூரா தேடினாங்க. 1971ல ஆன்டிகுவா தீவு சர்க்கரை ஆலைல இருந்து ஜோன் வந்தா, கெர் ஸ்டூவர்ட் 1927ல செஞ்சது. 1975ல சியரா லியோன் ரயில்வே மூடினப்ப 85ஆம் நம்பர் வந்துச்சு, ஹன்ஸ்லெட் 1954, கூடவே பெட்டிங்களும். அந்த நாட்டுல ரயில்வேயே முடிஞ்சு போச்சு, அந்த நேரத்துல எடுக்கலன்னா அவ்வளவுதான். கதிர் கேட்ட "உருக்கிடுவாங்கன்னா என்ன பண்றது"ங்கறதுக்கு மாறன் பதில் சொல்லட்டும், நான் சும்மா உதாரணம் வைக்கிறேன்.

வேல்ஸ்லயே வெல்ஷ் ஹைலேண்ட்னு இன்னொரு லைன், அது இன்னும் பெரிய உதாரணம். செங்குத்தா ஏறுற மலைப்பாதை, புதுசா லைன் போட்டு ஆரம்பிக்கிறாங்க, அந்த பாரத்தை இழுக்க சின்ன இன்ஜின் பத்தாது. தென்னாப்பிரிக்கால இந்த லைனுக்கு ஒத்துப் போற கேஜ்ல என்ஜிஜி16 காரட்டுங்க (Garratt, ஒரே பாய்லருக்கு முன்னாடியும் பின்னாடியும் தனித்தனி சக்கர வண்டி, வளைவுல மடங்கி திரும்பும்) சும்மா நிக்குது. 1997ல கொண்டு வந்தாங்க. அதுல 143ஆம் நம்பர் 1958ல செஞ்சது, மான்செஸ்டர் பேயர் பீக்காக் கம்பெனி செஞ்ச கடைசி காரட். இப்ப கேளுங்க, அதே லைன்ல கே1ன்னு ஒண்ணு இருக்கு, 1909ல டாஸ்மேனியாவுக்காக செஞ்சது, உலகத்தோட முதல் காரட். அந்த கம்பெனியே 1947ல அதை திருப்பி வாங்கி கொண்டு வந்துச்சு, ஹெரிடேஜ் ரயில்வேங்கற பேச்சே இல்லாத காலத்துல! முதல் பிள்ளையும் கடைசி பிள்ளையும், ஒண்ணு ஆஸ்திரேலியா பக்கம் போய் ஒண்ணு ஆப்பிரிக்கா போய், வேல்ஸ் மலைல ஒரே லைன்ல. இதை யோசிச்சா எனக்கு எப்பவும் சிலிர்க்கும்.

ஜாவா சர்க்கரை ஆலைல வேலை செஞ்ச டிராங்கில் 4, 1971ல ஹன்ஸ்லெட் செஞ்சது, பிரிட்டன்ல தொழிற்சாலை வேலைக்குன்னு செஞ்ச கடைசி நீராவி இன்ஜின், 2004ல இங்கிலாந்துல ஸ்டாட்ஃபோல்டு பார்ன் ரயில்வேக்கு வந்துச்சு. பென்ரின் கல் குவாரியோட வினிஃப்ரெட், 1885, 1965ல அமெரிக்கா போய் கார் ரேஸ் நடக்குற இண்டியானாபொலிஸ் ஸ்பீட்வேகாரங்க கிட்ட கிட்டத்தட்ட அம்பது வருஷம் தூங்கிட்டு 2012ல வந்துச்சு. அமெரிக்காக்காரங்க பெயின்ட்டை கூட தொடல, குவாரில இருந்து நேத்து வந்த மாதிரி இருந்துச்சாம். பாலு, உங்க ஆளுக்கு இந்த யோகம் இல்ல பாருங்க.

வராத ஒண்ணையும் சொல்லிடுறேன். லின்டன் அண்ட் பார்ன்ஸ்டேப்பிள் லைனோட லூங்கற இன்ஜின். 1925ல மானிங் வார்டில் செஞ்சது. 1935ல லைனை மூடினதும் அந்த தண்டவாளத்தையே பேக்கறதுக்கு அவளைத்தான் விட்டாங்க, எவ்வளவு கொடுமை. 1936ல கப்பல் ஏத்தி பிரேசில்ல பெர்னாம்புகோவுக்கு அனுப்பினாங்க. அதோட சரி. எங்க போனா, யார் வாங்கினா, உருக்கினாங்களா, யாருக்கும் தெரியாது. ஆளுங்க பிரேசிலுக்கே போய் தேடிட்டு வந்திருக்காங்க. கடைசில அவளை மாதிரியே லிட்னு புதுசா ஒண்ணு செஞ்சு 2010ல ஓட விட்டாங்க. புதுசா செய்யலாமேன்னு கேட்டீங்கல்ல கதிர், இந்த மாதிரி இடத்துல தான் அது.

சிக்னல்மேன்_சிவா

செல்விம்மா வினிஃப்ரெட்டை ஞாபகப்படுத்தினதும் ரெப்டன்ங்கற இன்ஜின் ஞாபகம் வந்துடுச்சு. சதர்ன் ரயில்வே ஸ்கூல்ஸ் கிளாஸ் 926, 1967ல அமெரிக்கா வெர்மான்ட்ல ஸ்டீம்டவுன் ரயில் மியூசியத்துக்கு போச்சு, அங்க இருந்து கனடால கேப் பிரெட்டன்ல சுற்றுலா வண்டி இழுத்துச்சு, 1989ல நார்த் யார்க்‌ஷயர் மூர்ஸ்க்கு வந்துச்சு. இது ஒண்ணு மட்டும் மாறன் கூட ஊருக்கு திரும்பினதுன்னு ஒத்துக்குவார்.

எல்லாருக்கும் தெரிஞ்ச ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மேனை இதுவரைக்கும் யாருமே சொல்லலயே. அலன் பெக்லர் 1963ல 3,000 பவுண்டுக்கு வாங்கினார், 1969ல அமெரிக்கா டூர் கூட்டிட்டு போனார், காசு தீந்து 1972ல திவால். இன்ஜின் கலிஃபோர்னியால ஒரு ராணுவ டிப்போல மாட்டிக்கிச்சு. பாவம் பெக்லர் கப்பல்ல பயணிகளுக்கு ரயில் கதை சொல்லி சொல்லியே ஊர் வந்து சேந்தார். வில்லியம் மக்கல்பைன் 25,000 பவுண்டு குடுத்து மீட்டு, பனாமா கால்வாய் வழியா 1973ல லிவர்பூல்ல இறக்கினார். இறங்கின இன்ஜின் லாரி கூட ஏறல, சொந்த நீராவில டெர்பி வரைக்கும் ஓடியே போச்சு.

யானைய வாங்கிட்டு அங்குசத்துக்கு யோசிச்ச கதை பெக்லரோடது. ஆனா அவர் இல்லன்னா இன்ஜினே இல்ல.

மீட்டர்கேஜ்_மாறன்

செல்வி, சியரா லியோனுக்கு என்கிட்ட பதில் இல்ல, ஒத்துக்குறேன். ரயில்வேயே போயிடுச்சுன்னா எடுத்துட்டு வந்தது நல்லது தான். என் பேச்சு எல்லாம் அந்த நாட்டுலயே வச்சு பாக்க ஆளும் மனசும் இருக்குறப்ப. துருக்கில சாம்லிக் மியூசியத்துல 8எஃப் நிக்குது, அங்க போற பிள்ளைங்க "இது எங்க சர்ச்சில்"னு சொல்லும். அது அங்கயே இருக்கட்டும்.

ரெப்டன் விஷயத்துல சிவா சார் ஜெயிச்சிட்டார்.

அப்புறம் பாலுவுக்கு ஒரு வேலை. செங்கடல்ல தீசில்கார்ம்னு ஒரு கப்பல், 1941 அக்டோபர்ல ஜெர்மன் குண்டு போட்டு எகிப்து பக்கத்துல மூழ்குச்சு. அதோட மேல்தளத்துல ரெண்டு இன்ஜின் இருந்துச்சு, வெடிச்ச வேகத்துல தூக்கி எறியப்பட்டு கப்பலுக்கு ரெண்டு பக்கமும் கடலடில கெடக்கு, முக்குளிக்கிறவங்க போய் பாத்துட்டு வர்றாங்க. ரெண்டும் 8எஃப். ஆஸ்பெஸ்டாஸ் உரிக்கிற ஆளை கூட்டிட்டு எப்ப கிளம்புறீங்க?

ஃபயர்பாக்ஸ்_பாலு

மீனுக்கு தொந்தரவு குடுக்க வேணாம் மாறா. எங்க ஷெட்ல இருக்குறதுக்கே இன்னும் டியூப் வரல.

கரிப்புகை_கதிர்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பாலு அண்ணே, கடைசியா ஒரே ஒரு கேள்வி, எனக்கு மெக்கானிக் வேலை எதுவும் தெரியாது, ஸ்பேனர் கூட சரியா பிடிச்சதில்ல, கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தே பழக்கம். என்னை மாதிரி ஆளை இந்த பட்டறைங்கள்ல சேத்துக்குவாங்களா?

ஃபயர்பாக்ஸ்_பாலு

தாராளமா தம்பி. உங்க வீட்டு பக்கத்துல இருக்குற லைன்ல வாலண்டியர் ஆபீஸ்க்கு ஒரு மெயில் போடுங்க, முதல் நாள் பாதுகாப்பு வகுப்பு எடுப்பாங்க. அடுத்த ரெண்டு மாசம் ஒரு வயர் பிரஷ்ஷும் ஒரு வாளி நட்டும் குடுத்து ஓரமா உக்கார வச்சிடுவாங்க, டீ போடவும் சொல்லுவாங்க, கோச்சுக்க கூடாது, நானும் அங்க இருந்து தான் வந்தேன். ஸ்டீல் டோ பூட்ஸ் சொந்தமா வாங்கிடுங்க. தூக்கி போட மனசு வர்ற சட்டையா பாத்து போட்டுட்டு போங்க, அந்த கிரீஸ் எந்த சோப்புக்கும் போகாது.